அலுமாரிக்கு மேல் இருந்தவர்

எலும்புக்குப் பயப்படாத பெண் ஒருத்தி வேண்டும் என்று கேட்டுத்தான் நசீறாவை வேலைக்கு எடுத்தார்கள். மையித்துக் குளிப்பாட்டுகிறவளுக்கு எலும்பில் என்ன பயம் என்று ஊரில் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உண்மை என்னவென்றால், அதுவரைக்கும் நசீறா ஒரு மனித எலும்பைக் கண்ணால் கண்டதே இல்லை. புத்தளத்திலும் முசலியிலுமாகச் செத்துப்போன பெண்களை இருபது வருடத்துக்கு மேலாகக் குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்தியவள்தான். ஆனால் ஜனாஸாவைத் தூக்கி வாசலைத் தாண்டிவிட்டால் மிச்சமெல்லாம் ஆண்களின் வேலை. புதைக்கிற மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. தான் குளிப்பாட்டி அனுப்பிய ஒருத்தியைக்கூட மண்ணுக்குள் வைத்ததை அவள் பார்த்ததில்லை.

நான் செலீனா. பேசாலையில் பிறந்து அரிப்பு என்ற ஊரில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் பக்கம் வேறு மாதிரி. மரித்தோர் திருநாளுக்குச் சேமக்காலைக்குப் போய்ப் புல்லுப் பிடுங்கி, சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்து, மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருவோம். என் மாமியாரோடு நான் மனம்விட்டுக் கதைப்பது அங்கேதான். இப்போது அவர் குறுக்கே பேசுவதில்லை.

முசலிக்குத் தெற்கே காட்டோரமாக வீதி வெட்டியபோது, மண்வெட்டும் யந்திரத்தின் வாயில் பெரிய மண்தாழிகள் உடைந்து வந்தன. உள்ளே எலும்பு. யேசுநாதர் பிறக்கப் பல நூறு வருடங்களுக்கு முந்தி, எழுத்தே இல்லாத காலத்தில், இந்தக் கரையில் இருந்த சனம் புதைத்தவை என்றார்கள். வீதி வேலை நின்றது. பல்கலைக்கழகத்து ஆட்கள் வந்து கயிறு கட்டித் தோண்டத் தொடங்கினார்கள். என்னையும் நசீறாவையும் அரிதட்டில் சோடியாகப் போட்டார்கள். குழியில் இருந்து வரும் மண்ணை அரித்து, மணி, பல், எலும்புத் துண்டு என்று தங்குவதைப் பொறுக்கித் தட்டத்தில் வைக்கவேண்டும். சோளகக் காற்று அடிக்கிற காலம். அரித்த மண்ணில் பாதி எங்கள் வாய்க்குள்தான் போனது.

எனக்கு வாய் ஓயாது. நசீறாவோ கேட்டதற்குப் பதில் சொல்வாள், அதோடு சரி. சிரிக்கவேண்டிய இடத்தில் சிரிக்கமாட்டாள், கோபம் வரவேண்டிய இடத்தில் கோபமும் வராது. முதல் கிழமை எனக்கு விசர் பிடிக்காத குறை. மரக்கட்டையோடு சோடி சேர்த்துவிட்டார்கள் என்று வீட்டில் போய் மனுசனிடம் முறையிட்டேன்.

ஊரில் அவளுக்குக் கல்நெஞ்சுக்காரி என்று பெயர். பெற்ற பிள்ளை செத்ததற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் என்று என் காதுபடவே சொன்னார்கள். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. அவளுடைய கதை எனக்கு அவள் வாயால்தான் வந்தது, இன்றைக்குக் கொஞ்சம் நாளன்றைக்குக் கொஞ்சமாக. எந்த இடத்திலும் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனத்தையெல்லாம் வடக்கில் இருந்து வெளியேற்றியபோது அவளுக்கு இருபது வயது. புத்தளத்து அகதி முகாமில் வைத்துத்தான் ஆதம்பாவாவைக் கட்டினாள், அங்கேதான் மகள் நுஹா பிறந்தாள். முகாமில் சாவுக்குக் குறைவில்லை, குளிப்பாட்டத் தெரிந்த கைகள்தான் குறைவு. தண்ணீர் அள்ளிக் கொடுக்கப் போனவள் மெல்ல மெல்லத் தானே குளிப்பாட்டுகிறவளாகிவிட்டாள். யுத்தம் முடிந்து ஊர் திரும்பியபோது அந்த வேலையும் கூடவே வந்தது. அதற்குக் கூலி கிடையாது, நன்மை மட்டும்தான். ஆதம்பாவா ஊர் வந்து கொஞ்சக் காலத்தில் மௌத்தாகி மண்ணுக்குப் போய்விட்டார். நுஹா றிபாத்தைக் கட்டிக்கொண்டு, அவன் வேலை செய்த கொழும்புக்குப் போனாள்.

கொரோனா வந்த வருடக் கடைசியில் நுஹாவுக்குக் காய்ச்சல் கண்டு, ஆசுபத்திரியில் மோசம் போனாள். கொரோனாவில் செத்தவர் எந்தச் சமயத்தவரானாலும் எரிக்கவேண்டும் என்பது அந்த நாட்களில் அரசாங்கத்தின் கட்டளை. முஸ்லிம்களுக்கு மையித்தை எரிப்பது நினைத்தும் பார்க்கக்கூடாத காரியம். குளிப்பும் இல்லை, கபனும் இல்லை, தொழுகையும் இல்லை. வீதிகள் பூட்டிக் கிடந்தன. ஊரார் பிள்ளைகளையெல்லாம் கழுவி அனுப்பிய கை, தன் பிள்ளைக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றவில்லை. இதைச் சொன்னபோது அவளுக்கு முகம்கூட மாறவில்லை.

தனிமைப்படுத்தலில் இருந்து வெளியே வந்த றிபாத்தின் கையில் ஒரு மண்முட்டியைக் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்த சாம்பலைச் சில குடும்பங்கள் வாங்க மறுத்துவிட்டன. றிபாத் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் வாங்கி, பாதை திறந்ததும் மாமியிடம் கொண்டுவந்து வைத்தான். இது நுஹாதான் என்று எப்படித் தெரியும் என்று அவள் கேட்டிருக்கிறாள். முட்டிகள் வரிசையாக இருந்தன மாமி, எனக்கு இதை எடுத்துத் தந்தார்கள் என்றானாம். அந்த ஒரு வசனம் அவளுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

முட்டியின் வாயை வெள்ளைத் துணியால் கட்டி அலுமாரிக்கு மேல் வைத்தாள். அலுமாரிக்குள் நுஹாவுக்கென்று வெட்டிய கபன் துணி மடித்தபடி இருந்தது. ஆணுக்குக் கபன் மூன்று துண்டு, பெண்ணுக்கு ஐந்து. ஐந்தும் இருந்தன. நுஹா என்றால் மண்ணுக்குப் போகவேண்டும். நுஹா இல்லையென்றால் அவளை எங்கே என்று தேடுவது? அழுவதென்றாலும் முதலில் ஆளைத் தெரியவேண்டும் என்பாள். முட்டியைத் திறக்கவில்லை, புதைக்கவில்லை, வெளியே வைக்கவும் இல்லை. அதற்குப் பிறகு மையித்துக் குளிப்பாட்டக் கூப்பிட்டாலும் போகவில்லை. விரல்கள் விறைத்துவிட்டன, தண்ணீர் சூடோ குளிரோ தெரிவதில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவாள். அது சாட்டு என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஒரு நாள் கொதிக்கிற தேத்தண்ணிக் கோப்பையை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு அவள் காற்று வாங்கியதைப் பார்த்த பிறகு நினைக்கவில்லை.

முதல் பெரிய தாழிக்குள் எலும்புகளோடு ஒரு இரும்பு ஈட்டிமுனை இருந்தது. தோண்டும் வேலைக்குப் பொறுப்பான பேராசிரியரை நாங்கள் சேர் என்போம். சேருக்குப் பிடிபடாத சந்தோசம். இவன் ஒரு வீரன், கூட்டத்துத் தலைவனாகவும் இருக்கலாம் என்றார். ஆட்கள் அன்றைக்கே அந்தத் தாழிக்கு ராசா என்று பெயர் வைத்துவிட்டார்கள். ராசாவுக்கு வெயில் படாமல் படங்கு கட்டியாயிற்று. எங்களுக்கு இல்லை.

அடுத்த கிழமை மதுஷிகா வந்தாள். மன்னார் டவுன் பிள்ளை, வெளிநாட்டில் எலும்பைப் பற்றியே படித்துவிட்டு வந்தவள். ராசாவின் இடுப்பெலும்பைத் துடைத்து, அதன் பின்பக்க வளைவுக்குள் தன் பெருவிரலை வைத்து ஆட்டிக் காட்டினாள். ஆணுக்கு அந்த வளைவு ஒடுக்கமாக இருக்கும், விரல் இறுகும். பெண்ணுக்கு அகலம். அவளுடைய விரல் தாராளமாக ஆடியது. ராசா ராசாத்தியாகிவிட்டார். சேர் தன் விரலையும் வைத்துப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார்.

ஈட்டி இருந்தால் ஆண், பாசிமணி இருந்தால் பெண் என்று, எலும்பைப் பார்க்காமலே உலகம் முழுக்க நெடுங்காலம் எழுதி வைத்திருக்கிறார்களாம். இப்போது திரும்ப எடுத்துப் பார்த்தால் ஆயுதத்தோடு புதைத்த பெண்கள் பல இடங்களில் வருகிறார்களாம். எனக்கு இதில் புதினம் ஒன்றும் படவில்லை. என் மனுசன் கழுத்தில் சங்கிலி போடுகிறவர், கத்தி எடுத்துத் திருக்கை மீன் வெட்டுகிறவள் நான். எங்கள் இரண்டு பேரையும் தோண்டி எடுக்கும் சேர்மார் என்னவெல்லாம் எழுதப் போகிறார்களோ.

மதுஷிகாவுக்கு ஈட்டியை விடப் பெரிதாகப் பட்டது ராசாத்தியின் தொடையெலும்பு. அது ஒரு காலத்தில் முறிந்து, கோணலாகப் பொருந்தியிருந்தது. தொடை முறிந்தவள் மாதக்கணக்கில் எழும்பமாட்டாள், காட்டுக்கும் போகமாட்டாள், தண்ணீரும் அள்ளமாட்டாள். யாரோ சாப்பாடு ஊட்டி, பீ மூத்திரம் அள்ளிப் பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகும் பல வருடம் நடந்து திரிந்திருக்கிறாள். அந்தச் சனம் எப்படிப்பட்ட சனம் என்பதை இந்தப் பொருத்தம்தான் சொல்கிறது என்றாள். நசீறா அந்த எலும்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு அரிதட்டுக்குத் திரும்பினாள்.

இரண்டாவது தாழி சின்னது. அந்த மண்ணை அரிக்கும்போது தங்கிய துண்டுகள் வேறு மாதிரி இருந்தன. வெள்ளையும் சாம்பல் நீலமுமாக, ஓட்டுத்துண்டு போல வெடிப்பு விழுந்தவை. நசீறாவின் கை அரிதட்டிலேயே நின்றுவிட்டது.

"இது எரிச்சதோ மிஸ்?" என்று கேட்டாள். அவள் தானாக வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"ஓம் அன்ரி. எரிச்சுப்போட்டு, ஆறினாப் பிறகு பொறுக்கித் தாழியில வைச்சிருக்கினம்."

அரிசி அளவான ஒரு துண்டை மதுஷிகா உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். விரல் நுனி எலும்பு. அவசரத்தில் அள்ளியிருந்தால் இப்படிப்பட்டவை சாம்பலோடு போயிருக்கும், யாரோ குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கியிருக்கிறார்கள் என்றாள். காறையெலும்பின் கழுத்துப் பக்க நுனி இன்னும் முழுதாக ஒட்டவில்லை. இருபதுகளின் கடைசி வரைக்கும் அது அப்படித்தான் இருக்குமாம். இடுப்பெலும்பிலும் அந்த வளைவுள்ள துண்டு தப்பியிருந்தது. இளம் பெண்.

எரிந்தாலும் பெண் என்று தெரியுமா என்று நசீறா கேட்டாள். எல்லாவற்றிலும் தெரியாது, சரியான துண்டு தப்பியிருந்தால் தெரியும் என்றாள் மதுஷிகா. பின்னேரம் பஸ்ஸுக்கு நிற்கும்போது நசீறா என்னிடம், வெள்ளிக்கிழமை ஒரு உதவி வேண்டும், ஒரு சேலை பிடிக்கவேண்டும் என்றாள். என்ன ஏதென்று நான் கேட்கவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்தால் கேட்க வாய் வராது.

வெள்ளிக்கிழமை நடுப்பகலில் முஸ்லிம் ஆட்கள் ஜும்மாத் தொழுகைக்குப் போய்விடுவார்கள். சேரும் அன்றைக்கு மன்னாருக்குப் போயிருந்தார். நசீறா ஓலைப்பைக்குள் இருந்து முட்டியை எடுத்து மதுஷிகாவின் மேசையில் வைத்து, மகளின் கதையை நாலு வசனத்தில் சொன்னாள். நுஹாவா என்று கேட்கவில்லை, பெண்ணா, இளம் வயதா என்று மட்டும் சொன்னால் போதும் என்றாள்.

மதுஷிகா தடுமாறிவிட்டாள். இரண்டாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட எலும்பைத் தொடுகிறவள்தான், நாலு வருடத்து எலும்பென்றதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் பாத்தா, கண்டதைத்தான் சொல்லுவன் அன்ரி. ஆறுதலுக்கெண்டு மாத்திச் சொல்ல எனக்கு வராது."

"ஆறுதல் சொல்ல ஊரில நிறையப் பேர் இருக்கினம் மகள்," என்றாள் நசீறா. "அதுக்கு உங்களிட்ட வரேல்ல."

அதற்குப் பிறகு நசீறா செய்ததுதான் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. குளிப்பாட்டும்போது பெண்ணின் உடலை அந்நிய ஆண் பார்க்கக்கூடாது, நாலு பக்கமும் சேலை பிடிப்பார்கள். மேசையைச் சுற்றி மூன்று பக்கம் படங்கு கட்டினாள். நாலாவது பக்கம் நான் சேலையோடு நின்றேன். மண் வெட்டுகிற ஆட்களில் மிச்சமிருந்த யாகப்பர் அண்ணையையும் கடைப்பக்கம் அனுப்பிவிட்டாள். பிறகு பிஸ்மி சொல்லி, முட்டியின் வாயில் இருந்த துணியை அவிழ்த்தாள்.

காற்று சேலையை இழுத்துக்கொண்டே இருந்தது. எனக்குக் கை கடுத்தது. மதுஷிகா துண்டு துண்டாக எடுத்து வெள்ளைத் துணியில் பரப்பினாள். முதலில் சின்னச் சின்னதாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவள், நடுவில் பேச்சை விட்டுவிட்டாள். ஒரு துண்டைக் கையில் எடுத்து, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அது எந்த எலும்பு என்று எங்களுக்கும் தெரியும், அவள்தான் சொல்லித் தந்தாள். வளைவுக்குள் பெருவிரலை வைத்தாள். விரல் ஆடவில்லை. எடுத்துவிட்டுத் திரும்பவும் வைத்தாள். இறுகியே நின்றது.

"முதுகெலும்பின்ர ஓரமெல்லாம் முள்ளு வளர்ந்திருக்கு அன்ரி," என்றாள். "வேற ஆரும் கலக்கேல்ல, இது ஒரு ஆள்தான். வயசு போன ஆம்பிளை."

வடிவாகப் பார்த்தீர்களா என்று நசீறா கேட்டாள். பார்த்துவிட்டேன் என்று தலையை ஆட்டிய மதுஷிகாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கு வந்தது கோபம். யாரில் என்று தெரியாத கோபம். எட்டாத இடத்தில் இருக்கிற யாரையாவது பிடித்து உலுப்பவேண்டும் போல இருந்தது.

நசீறா என் பக்கம் திரும்பினாள். "சேலையை விடு செலீனா. ஆம்பிளைதானே."

நான் சேலையை இறக்கினேன். அவள் முட்டியைப் பார்த்துக்கொண்டே, இத்தனை வருடமாக ஒரு அந்நிய ஆணை அறைக்குள் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன் என்றாள், உப்புக் குறைந்துவிட்டது என்று சொல்கிற அதே குரலில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அவள் கோபிக்கவில்லை. பிறகு, அப்படியென்றால் நுஹா யாருடைய வீட்டில் என்று கேட்டாள். மதுஷிகா துண்டுகளை ஒவ்வொன்றாக முட்டிக்குள் திரும்ப வைக்கத் தொடங்கினாள்.

றிபாத்துக்குப் போன் எடுத்துச் சொன்னோம். அவன் அழுதான், வழக்குப் போடுவோம் என்றான். எரிந்த எலும்பை வைத்து யாருடையதென்று கண்டுபிடிப்பது கஷ்டம், வரிசையில் இருந்த மற்ற முட்டிகள் எங்கெங்கே போயினவோ என்றாள் மதுஷிகா. நசீறா வழக்கு வேண்டாம் என்றாள். அவளுடைய யோசனை முழுக்க அந்த வயதாளியில் இருந்தது. வந்தவரை மண்ணில் வைக்கவேண்டும், இனியும் அலுமாரிக்கு மேல் வைத்திருக்கக்கூடாது.

பள்ளிவாசல் பொறுப்பில் இருந்த ஜுனைதீன் காக்காவிடம் போனாள். அவர் மறுக்கவில்லை. ஆனால் இவர் முஸ்லிமா என்று கேட்டார். தெரியாது என்றாள். அப்படியென்றால் நாலு பேரைக் கேட்டுத்தான் சொல்லவேண்டும் என்றார். எங்கள் சேமக்காலையில் வைப்போம் என்று நான் வீரமாகச் சொல்லிவிட்டுப் பங்குச் சுவாமியிடம் போனேன். அவரும் நல்ல மனுசன்தான். ஞானஸ்நானம் பெற்றவரா என்று கேட்டார். உயிரோடு இருக்கும்போது அந்த மனுசனை யாரும் இவ்வளவு விசாரித்திருக்கமாட்டார்கள்.

தோண்டும் வேலை முடிந்து குழிகளை மூடும் நாள் வந்தது. நசீறா சேரிடம் போய், அந்தச் சின்னத் தாழி இருந்த குழியைக் கேட்டாள். கட்டாயம் மறுப்பார் என்று நினைத்தேன். ராசாவை ராசாத்தியாக்கிய பிறகு சேரும் கொஞ்சம் இளகித்தான் இருந்தார். தலையைச் சொறிந்துவிட்டு, தோண்டி முடிந்த குழியில் இனி எனக்கு அலுவல் இல்லை என்று சொல்லிவிட்டு வாகனப் பக்கம் போய்விட்டார். ஏன் அந்தக் குழி என்று நான் கேட்டேன். எரித்த ஆளைப் பக்குவமாக வைத்த இடம் அல்லவா என்றாள்.

அந்நிய ஆணை அவள் குளிப்பாட்டக்கூடாது. அதனால் தண்ணீர் ஊற்றவில்லை. அலுமாரிக்குள் இருந்த ஐந்து துண்டில் மூன்றைக் கொண்டுவந்திருந்தாள். முட்டியை ஒன்றன்மேல் ஒன்றாக மூன்றாலும் சுற்றி, இத்தனை வருடம் கழித்தும் விரல் மறக்காத முடிச்சைப் போட்டாள். பிறகு சேலையைச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். நான் நீட்டினேன், அவள் வாங்கி வைத்தாள். ஒரு ஆளை மண்ணுக்குள் வைப்பது அவளுக்கு அதுதான் முதல் தரம். உள்ளே குந்தியிருந்தபடி நாலு பக்கத்து மண்சுவரையும் தடவிப் பார்த்தாள். இவ்வளவுதானா என்று மட்டும் கேட்டாள்.

அவள் தன்னுடைய துஆவை ஓதினாள். நான் எங்கள் நித்திய இளைப்பாற்றி செபம் சொன்னேன். எது அவருக்குரியதோ அது போய்ச் சேரட்டும். மூடுகிற குழிக்குள் இந்தக் காலத்துக் காசு ஒன்றைப் போட்டு வைப்பது தோண்டுகிறவர்களின் வழக்கம், பிறகு ஒரு காலத்தில் தோண்டுகிறவர்கள் குழம்பாமல் இருக்க. மதுஷிகா ஒரு பத்து ரூபாய்க் குற்றியைப் போட்டாள். அப்போது வருகிறவர்களுக்கு என்ன தெரியும் என்று நசீறா கேட்டாள்.

"வயசானவர், ஆம்பிளை, ஆரோ பக்குவமா வைச்சிருக்கினம் எண்டு தெரியும் அன்ரி."

நசீறா அதற்குத் தலையாட்டினாள். மூன்று பேருமாக மண்ணைத் தள்ளி மூடினோம். யாகப்பர் அண்ணை வந்து மிதித்துவிட்டுப் போனார். பஸ்ஸுக்கு நேரமிருந்தது. இரண்டு பேரும் வீதி வெட்டின மேட்டில் இருந்தோம். என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. நுஹாவை இனித் தேடுவதில்லையா அக்கா என்று கேட்டேன்.

அவள் விரல் இடுக்கில் இருந்த மண்ணை ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

"இந்த வயசாளின்ர வீட்டிலயும் ஒரு பொம்பிளை இருப்பாள் செலீனா. நுஹாவைத் தன்ர வாப்பா எண்டு நினைச்சுப் பத்திரமா வைச்சிருப்பாள். அவளுக்குத் தெரியவே வேண்டாம். தெரிஞ்சால் என்ர பிள்ளை வெளியில போயிடும்."